வாரம் ஒரு நாள் மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 31. ஏழு மாதங்களுக்கு முன்பு தலைவலியும் காதிரைச்சலுமாகத் தொடங்கி, இரண்டு கண்களிலும் பார்வை மங்கியது. ‘வோக்ட்-கோயனாகி-ஹராடா’ நோய் என்று கண்டறிந்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், பார்வை திரும்பியது. ஆனால் அளவைக் குறைக்கும்போதெல்லாம் அழற்சி மீண்டும் வருவதால், இப்போது மெத்தோட்ரெக்ஸேட் எழுதித் தந்திருக்கிறார் கண் மருத்துவர். அது புற்றுநோய் மருந்தாயிற்றே என்று என் மாமியார் அஞ்சுகிறார். இரண்டாவது குழந்தைக்கும் ஆசைப்படுகிறோம். நான் என்ன செய்ய வேண்டும், டாக்டர்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் மாமியார் சொல்வது பொய்யல்ல, சில புற்றுநோய்களுக்கு இதே மருந்தைக் கிராம் கணக்கில் இரத்தக் குழாய் வழியே ஏற்றுவதுண்டு. கண் அழற்சிக்கோ வாரத்துக்கு 25 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. மூட்டுவாத நோயாளிகள் பல்லாண்டுகளாக இந்தக் குறைந்த அளவில்தான் எடுத்துவருகிறார்கள்.

உங்கள் நோயில், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த நிறமி உயிரணுக்களையே பகையாகக் கருதித் தாக்குகிறது. அவை கண்ணின் நடுப்படலத்தில் மட்டுமன்றி உட்காதிலும் தோலிலும் முடியிலும் இருப்பதால்தான் காதிரைச்சல் வந்தது. ஸ்டீராய்டு இந்தத் தாக்குதலை விரைவாக அடக்கும். ஆனால் மாதக்கணக்கில் தொடர்ந்தால் கண்புரை, கண்ணழுத்தம், சர்க்கரை, எலும்புத் தேய்மானம் என்று வேறு தொல்லைகளைக் கொண்டுவரும். அதன் இடத்தை நிரப்பவே மெத்தோட்ரெக்ஸேட். இது முழுப் பலன் தர இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும் என்பதால், அதுவரை ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் பங்கேற்று, 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், 216 கண் அழற்சி நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு இதையும் மறு பிரிவினருக்கு விலை கூடிய மைக்கோஃபினோலேட் என்னும் மருந்தையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஆறு மாத முடிவில் மெத்தோட்ரெக்ஸேட் எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு அழற்சி கட்டுப்பட்டது. மற்ற மருந்து அதைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை.

நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றுக்கு. இந்த மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விழுங்க வேண்டும். மருந்துக் கடைகளில் எல்லா மாத்திரை உறைகளின் மேலும் காலை, மதியம், இரவு என்று குறித்துக் கொடுக்கும் பழக்கத்தால், இதையும் தினசரி மாத்திரை என்று எண்ணி விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் சரிந்து, உயிரிழந்தவர்களும் உண்டு. துணை மருந்தான ஃபோலிக் அமிலமும் பல நேரங்களில் இதைப் போலவே சிறிய மஞ்சள் மாத்திரையாக இருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. ஆகவே ஒரு கிழமையை முடிவுசெய்து, அதை மருந்துச் சீட்டிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இரண்டு மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

தொடங்கும் முன் காசநோய்க்கான பரிசோதனையும், இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான சோதனைகளும் தேவை; பின்னவற்றை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் செய்ய வேண்டும். காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இம்மருந்தைப் பற்றிச் சொல்லுங்கள். குறிப்பாக, கோ-ட்ரைமாக்ஸசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி இதனுடன் சேர்ந்தால் பேராபத்து.

குழந்தை பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. மெத்தோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும், ஊனப்படுத்தும். இதை எடுக்கும் காலம் முழுவதும் நம்பகமான கருத்தடை கட்டாயம்; கருத்தரிக்க விரும்பினால் சில மாதங்களுக்கு முன்பே, மருத்துவர் சொற்படி நிறுத்த வேண்டும். விரைவிலேயே குழந்தை வேண்டும் என்றால், முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன்பே கண் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்திலும் தொடரக்கூடிய அசாதயோப்ரின் என்னும் மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்று அவர் பார்ப்பார்.