ஆறரை ஆண்டும் நான்கு மாதமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1992 இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றேன். வாடகை வீட்டில் நாங்கள் நான்கு பேர். இருந்தது ஒரே தொலைக்காட்சிப் பெட்டி. அடுத்த ஜனவரியில் 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்ற அறிவியல் புனைகதைத் தொடர் தொடங்கியபோது நால்வரும் ஆவலோடு உட்கார்ந்தோம். இரண்டாம் சீசன் முடிவதற்குள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டோம். முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடர்களைப் போல விண்கப்பல் ஏறி எங்கும் போவதில்லை, எல்லோரும் ஒரு விண்வெளி நிலையத்தில் அடைந்துகிடந்து சண்டை போடுகிறார்கள், இது ஸ்டார் ட்ரெக்கே அல்ல என்று தீர்ப்புச் சொன்னோம். சென்ற ஆண்டு என் மகளோடு அதே தொடரை முதலிலிருந்து பார்த்து நான்கு மாதங்களில் முடித்தேன். அந்த வரிசையில் இதற்கு இணையானது இல்லை என்று இப்போது தோன்றுகிறது. மகளின் நண்பர்களும் அதையே சொல்கிறார்கள். அன்று எங்களுக்கு ரசனை போதவில்லையா? இல்லை, இன்று பழைய நாட்களின் ஏக்கத்தில் புகழ்கிறேனா? பார்வையாளர் கருத்து இப்படிப் புரளும் என்றால் அதற்கு என்ன மதிப்பு?

எம்.

அன்புள்ள எம்.,

அன்று தவறா, இன்று தவறா என்று கேட்கிறீர்கள். இரண்டு தீர்ப்பும் சரியாக இருக்க முடியும் என்றே நினைக்கிறேன். நீங்கள் இருமுறையும் பார்க்கத் தொடங்கியது அதே 176 அத்தியாயங்களைத்தான். ஆனால் முதல்முறை அவை 1993 ஜனவரி முதல் 1999 ஜூன் வரை, வாரத்துக்கு ஒன்றாக, கோடையில் நீண்ட இடைவெளி விட்டு வந்தன. இரண்டாம்முறை நாளுக்கு ஒன்றோ இரண்டோ என, விட்ட இடத்திலிருந்து உடனே தொடர்ந்தன. ஒரு தொடரைப் பற்றிய கருத்து மாறியதென்றால் ரசனை முதிர்ந்துவிட்டது அல்லது மழுங்கிவிட்டது என்று காரணம் தேடப் புறப்பட்டுவிடுகிறோம். அதற்கு முன்பு, அத்தியாயங்களுக்கு நடுவே இருந்த இடைவெளி என்னவாயிற்று என்று பார்த்துவிடுவது நல்லது.

அன்றைய நிலைமை உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இந்தத் தொடர் அமெரிக்காவின் எந்தத் தேசிய ஒளிபரப்பு வலையமைப்பிலும் வரவில்லை. பாரமவுண்ட் நிறுவனம் அதை உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்றது. ஓர் ஊரில் சனிக்கிழமை மாலையில் வரும், வேறோர் ஊரில் ஞாயிறு பின்னிரவில் வரும். விளையாட்டுப் போட்டி நீண்டால் தள்ளிப்போகும். ஒரு வாரம் தவறவிட்டவருக்கு அதைத் திரும்பப் பார்க்க நிச்சயமான வழி கிடையாது. வீடியோ நாடாவில் பதிவு செய்ய மறந்தால் போனது போனதுதான். இப்படிப்பட்ட பார்வையாளர்களிடம்தான் இந்தத் தொடர் ஆண்டுக்கணக்கில் நீளும் ஒரு போரையும், ஓர் ஆக்கிரமிப்பின் பின்விளைவுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது. 1997 இல் ஆறாம் சீசன் ஆறு அத்தியாயங்கள் தொடர்ச்சியான ஒரே கதையோடு தொடங்கியது. இன்று அதைச் சாதாரணமாகக் கடந்துபோவோம். அன்று அது சூதாட்டத்துக்குச் சமம்.

இதன் மறுபக்கத்தை 1966 இல் தொடங்கிய முதல் ஸ்டார் ட்ரெக்கில் காணலாம். மூன்று சீசன்கள், 79 அத்தியாயங்கள். ரசிகர்கள் கடிதம் எழுதிக் காப்பாற்றிய மூன்றாம் சீசனை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளிவைத்த என்பிசி வலையமைப்பு, 1969 இல் தொடரை முடித்துவைத்தது. அதன்பிறகு உள்ளூர் நிலையங்கள் அதை வாங்கி நாள்தோறும் மறுஒளிபரப்புச் செய்தன. ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதை என்பதால் எந்த வரிசையில் போட்டாலும் பழுதில்லை. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் எதிலிருந்தும் தொடங்கலாம். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ரசிகர் மாநாடு கூடியது. 1976 இல் நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு, தொடரில் வரும் கப்பலின் பெயரான எண்டர்பிரைஸ் என்பதை வைக்கச் சொல்லி வெள்ளை மாளிகைக்குக் கடிதங்கள் குவிந்தன. அந்தப் பெயரே வைக்கப்பட்டது. காலம் அதற்கு நியாயம் செய்தது என்பார்கள். நியாயம் செய்தது உள்ளூர் நிலையங்களின் அட்டவணை என்பேன் நான். அதே அட்டவணை டீப் ஸ்பேஸ் நைனைக் கவிழ்த்தது, ஏனெனில் அதை வரிசை கலைத்துப் பார்க்க முடியாது.

அதற்கான அட்டவணை 2003 இல்தான் வந்தது. ஏழு சீசன்களும் டிவிடி பெட்டிகளாக வெளியாயின. 2011 இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தபிறகு வாரம் என்ற அளவே இல்லாமல் போனது. இதற்கிடையில், இந்தத் தொடரின் எழுத்தாளர் அறையிலிருந்த ரொனால்ட் டி. மூர் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற பழைய விண்வெளித் தொடரை மறுவார்ப்புச் செய்து, நீண்ட கதைக்கும் கறைபடிந்த நாயகர்களுக்கும் பார்வையாளர்களைப் பழக்கிவைத்திருந்தார்.

இடைவெளி எப்படிக் கருத்தை மாற்றும் என்பதற்கு இந்தத் தொடரில் வரும் குல் டுகாத்தை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பஜோர் என்ற கிரகத்தைக் கார்டாசியர்கள் ஆண்டபோது அதன் கடைசி ஆளுநராக இருந்தவர் அவர். மார்க் அலைமோ அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த குரலும், கழுத்தைச் சற்றே முன்னுக்கு நீட்டி அடக்கமாகச் சிரிக்கும் தோரணையும் பார்ப்பவரை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொள்பவை. நான்காம் சீசனில் அவர் பஜோரியப் பெண்ணிடம் தனக்குப் பிறந்த மகளை ஏற்றுக்கொள்கிறார், அதனால் பதவி இழக்கிறார், கைப்பற்றிய ஒரு கப்பலோடு தனியாளாகப் போரிடப் புறப்படுகிறார். 1996 இல் இதைப் பார்த்தவர்களில் பலர் அவர் திருந்திவிட்டார் என்றே நம்பினார்கள். தொடரை நடத்திய ஐரா ஸ்டீவன் பேஹருக்கு இந்த அனுதாபம் கலக்கத்தைக் கொடுத்தது. 1998 ஜனவரியில் வந்த 'வால்ட்ஸ்' அத்தியாயம் அதற்கான மறுமொழி. விண்வெளி நிலையத்தின் தலைவரும் தொடரின் நாயகருமான சிஸ்கோ காயம்பட்டிருக்கிறார், அவரும் டுகாத்தும் ஒரு குகையில் தனித்திருக்கிறார்கள். முகாம்களில் உணவைக் கூட்டினேன், குழந்தைத் தொழிலாளர்களை விடுவித்தேன் என்று டுகாத் தன் கருணையைப் பட்டியலிடுகிறார். சிஸ்கோ மறுக்காமல் கேட்டுக்கொண்டே இருக்க, பேச்சு ஏறி ஏறி, பஜோரியர்கள் அத்தனை பேரையும் கொன்றிருக்க வேண்டும் என்பதில் போய் முடிகிறது. அன்று பாத்திரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று குறைப்பட்டவர்கள் உண்டு.

இப்போது தொடர்ச்சியாகப் பார்ப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். முதல் சீசனில் 'டூயட்' என்ற அத்தியாயம் வருகிறது. காலிடெப் என்ற வதைமுகாமில் கோப்பு எழுதிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா, அங்கே கேட்ட அலறல்களை மறக்க முடியாமல், அந்த முகாமின் தளபதி நானே என்று பொய் சொல்லித் தண்டனையைத் தேடி வருகிறார். 1993 ஜூனில் இதைப் பார்த்தவர், டுகாத் பதவி இழந்து நிற்பதைப் பார்க்க இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். உங்கள் வீட்டில் அந்த இடைவெளி ஏறத்தாழ ஆறு வாரம். அந்தக் குமாஸ்தாவின் அழுகை காதில் இருக்கும்போது ஆளுநரின் அடக்கமான சிரிப்பைப் பார்ப்பவருக்கு அது வேறாகத்தான் தெரியும். 'வால்ட்ஸ்' அவருக்குத் திருப்பமாக இராது. முன்பே தெரிந்ததை உறுதிசெய்வதாக இருக்கும். இதில் யாருடைய ரசனையும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஏக்கம் என்ற உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். உங்கள் மகளுக்கு 1993 பற்றி ஏக்கம் இருக்க வாய்ப்பில்லை. அவர் நண்பர்களுக்கும் இல்லை. மேலும், ஏக்கம் என்றால் எல்லாவற்றின் மீதும் ஒரேமாதிரி பொன்முலாம் பூசியிருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. சிஸ்கோவும் அவருடைய அதிகாரிகளும் ஒரு விளையாட்டுக்குள் மாட்டிக்கொண்டு, பாட்டுப் பாடியபடி கட்டம் கட்டமாகத் தாண்டும் முதல் சீசன் அத்தியாயம் உங்களுக்கு நினைவிருக்கும். விண்வெளியில் பாண்டி ஆடுவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று 1993 இல் கேட்டார்கள், இன்றும் அதையேதான் கேட்கிறார்கள். பெண்வேடக் கூத்தான 'ப்ராஃபிட் அண்ட் லேஸ்' அன்று சகிக்கவில்லை, இன்று அதைவிடச் சகிக்கவில்லை. தனித்து நிற்கும் அத்தியாயங்களைப் பற்றிய கருத்து பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நீண்ட கதையோடு பிணைந்தவைதான் ஏறியிருக்கின்றன. (இதற்கு முந்தைய 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' இரண்டாம் சீசனில் கப்பலின் துணைத்தலைவர் ரைக்கர் தாடி வைத்ததையொட்டி, ஒரு தொடர் தேறத் தொடங்குவதையே தாடி வளர்ப்பது என்று சொல்லும் வழக்கு ரசிகர்களிடம் உண்டு. தாடிக்குச் சேர வேண்டாத புகழ் என்றாலும், கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.)

உங்கள் கடிதத்தில் ஒரு விடுபடலைக் கவனித்தேன். அன்று நால்வர் தீர்ப்புச் சொன்னீர்கள். இன்று சொல்பவர் ஒருவர். மற்ற மூவர் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதவில்லை. அவர்கள் அந்தத் தொடரை மறந்தேபோயிருக்கலாம். முப்பது ஆண்டு கழித்து ஒரு தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள், பெரும்பாலும் அதைத் தேடிப்போய்ப் பார்த்தவர்களே. பிடிக்காதவர்கள் எப்போதோ எழுந்து போய்விட்டார்கள். போனவர்கள் திரும்பி வந்து வாக்களிப்பதில்லை. ஆகவே கருத்து மாறியது என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு, கருத்துச் சொல்கிறவர்கள் மாறியது. உங்களைப் போல எழுந்து போய்த் திரும்பியவர்கள் குறைவு என்பதால்தான் உங்கள் கடிதத்தை இங்கே வெளியிட விரும்பினேன்.

மதிப்பு என்ன என்று கேட்டீர்கள். வாரம் ஒருமுறை பார்க்கிறவருக்கு இந்தத் தொடர் பொறுமையைச் சோதித்தது என்பதற்கு உங்கள் நால்வரின் தீர்ப்பு சாட்சி. அதை இன்றைய புகழ்ச்சி ரத்து செய்வதில்லை. உங்கள் மகளிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: டுகாத்தை அவர் எப்போதாவது நம்பினாரா, நம்பினார் என்றால் எந்த அத்தியாயம் வரை? முடிந்தால் அந்த மூவரில் ஒருவரையும் தேடிப்பிடித்து, பார்த்தவரையில் அவருக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள்.