மெடிக்கல் பில்லிங் படிப்பு – கடிதம்

அன்புள்ள சார்,

பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்து ஒரு வருடம் ஆகிறது. அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இன்ஷூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்பும் மெடிக்கல் பில்லிங் படிக்கச் சொல்கிறார்கள். விசாரித்த ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்றே மாதத்தில் சி.பி.சி. என்ற சான்றிதழ்த் தேர்வை பாஸ் செய்ய வைத்துவிடுவோம் என்றார்கள். டெமோ வகுப்பிலேயே நோய்க்கும் சிகிச்சைக்குமான கோடுகள் (codes) அச்சிட்ட தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பயமாக இருக்கிறது. நீங்கள் எழுத வருவதற்கு முன் இந்தத் துறையில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். இதில் உண்மையில் எதைப் படிக்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தத் தாளை ஓரமாக வையுங்கள். நோய்களுக்கான ஐ.சி.டி.-10-சி.எம். தொகுப்பில் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 1 அன்று சில சேரும், சில போகும். சிகிச்சைக்கான சி.பி.டி. கோடுகள் ஜனவரி 1 அன்று மாறும். இதை யார் மனப்பாடம் செய்வது? ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் சி.பி.சி. தேர்வே புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதுவதுதான். 4 மணி நேரம், 100 கேள்விகள், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். எந்தப் பக்கத்தைத் திருப்புவது, அங்கே கோடுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பு என்ன சொல்கிறது என்று தெரிந்தவர் தேறுவார்.

ஆகவே படிக்க வேண்டியது டாக்டரின் நோட்ஸை. இடது முழங்கால் மூட்டுத் தேய்மானத்தோடு ஒருவர் வருகிறார். டாக்டர் பார்த்துவிட்டு மூட்டில் ஊசி போடுகிறார். நோய்க்கு எம்17.12. ஊசிக்கு 20610, இடது பக்கம் என்பதற்கு எல்.டி. என்ற மாடிஃபையர், அதாவது கோடோடு சேர்க்கும் துணைக் குறி. டாக்டர் பார்த்ததற்குத் தனியாக 99213 போடலாமா? கோடுகளை மட்டும் உருப்போட்டவர் கூடவே 25 மாடிஃபையரைச் சேர்த்து அனுப்பிவிடுவார். சேர்த்தால் கிளெய்ம் (இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும் பில்) டினை ஆகாது, அதாவது நிராகரிக்கப்படாது என்று அவருக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் 25 போட்டால், ஊசிக்கு வழக்கமாகத் தேவைப்படும் பரிசோதனைக்கு மேல், தனியாக எடுத்துக்காட்டக்கூடிய ஒரு மதிப்பீட்டையும் டாக்டர் அன்று செய்தார் என்று நாம் உறுதி சொல்கிறோம். போன தடவையே முடிவு செய்த ஊசிக்காக மட்டும் அவர் வந்திருந்தால் அதைப் போடக்கூடாது. ரத்த அழுத்தத்தையும் பார்த்து மாத்திரையை மாற்றியிருந்தால் போடலாம். எது நடந்தது என்பது நோட்ஸில் மட்டும்தான் இருக்கும். நோட்ஸில் எழுதாததை நடந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வந்த பணத்தைக் கணக்கில் பதியும் பேமெண்ட் போஸ்டிங்கில் நான் சேர்ந்த புதிது. எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று இன்ஷூரன்ஸிலிருந்து வரும் விளக்கத் தாளான இ.ஓ.பி.யில், கொடுக்காத தொகை ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு எழுத்து இருக்கும். பி.ஆர். என்றால் நோயாளி கட்ட வேண்டியது. சி.ஓ. என்றால் ஒப்பந்தப்படி அதை நோயாளியிடம் கேட்கக் கூடாது. எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு நாள் சி.ஓ.-29 என்று வந்த 140 டாலரை நோயாளியின் கணக்கில் தள்ளிவிட்டேன். கெடு தாண்டி கிளெய்ம் அனுப்பினால் வருவது அந்த 29. தாமதம் டாக்டர் அலுவலகத்தில் நடந்தது, பில் ஒரு வயதான அம்மாவின் வீட்டுக்குப் போனது. அவர் சண்டை போடவில்லை. இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று போனில் கேட்டார். அந்த அழைப்பின் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். பணம் அவரிடம் வாங்காமல் கணக்கைச் சரிசெய்துவிட்டோம் என்றாலும், அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கேட்காமலே கட்டிவிட்டவர்கள் எத்தனை பேரோ.

அதனால், மைக்ரோபயாலஜி படித்த உங்களுக்குக் கோடிங், அதாவது நோட்ஸைப் படித்துக் கோடு போடுவது, சுலபமாக வரும் என்றாலும், அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எலிஜிபிலிட்டி (இன்ஷூரன்ஸ் செல்லுமா என்று) பார்ப்பது, சார்ஜ் என்ட்ரி (கட்டணத்தைப் பதிவது), போஸ்டிங், ஏ.ஆர். காலிங் (வராத பணத்துக்காக இன்ஷூரன்ஸை அழைத்துக் கேட்பது) என்று ஒரு கிளெய்ம் போகும் வழி முழுவதையும் ஒருமுறையாவது கூடவே போய்ப் பாருங்கள். நோயாளியின் விவரங்களைக் காக்கச் சொல்லும் ஹிப்பா சட்டம் 1996-இல் வந்தது. அதைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். உங்கள் திரையில் தெரிவது யாரோ ஒருவரின் நோய்.

மூன்று மாதம் என்பதைப் பற்றி: அடிப்படை அறிமுகத்துக்கு அது போதலாம். தேர்வில் பாஸ் செய்தாலும் அனுபவம் இல்லாதவருக்கு முதலில் சி.பி.சி.-ஏ என்றுதான் கிடைக்கும். அந்த ‘ஏ’ அப்ரெண்டிஸைக் குறிக்கிறது, வேலை அனுபவத்தையோ அதற்கு ஈடாக ஏ.ஏ.பி.சி. ஏற்கும் பயிற்சியையோ காட்டிய பிறகே அது நீங்கும். இதை உங்களிடம் சொல்லாமல் பணம் கேட்கிற இடத்தை நம்பாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு டெமோ வகுப்பு கேளுங்கள். பெயர் நீக்கிய டாக்டர் நோட்ஸ் ஒன்றும், டினை ஆன கிளெய்ம் ஒன்றின் இ.ஓ.பி.யும் வைத்து நடத்தச் சொல்லுங்கள். ஏன் டினை ஆனது, அடுத்து என்ன செய்வது என்று உங்களையே கேட்டு, தவறாகச் சொன்னால் நோட்ஸின் எந்த வரியில் கோட்டைவிட்டீர்கள் என்று காட்டுகிற ஆசிரியர் கிடைத்தால், அங்கே சேருங்கள்.