சீட்டுக் குலுக்காத படகு

பாய்மரக் காலத்தில் கப்பல் உடைந்து நடுக்கடலில் மாட்டிக்கொண்ட மாலுமிகள் மனித மாமிசம் தின்றதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

சட்ட மாணவி: டட்லி - ஸ்டீபன்ஸ் வழக்கைத் தீர்ப்பாக மட்டுமே படித்திருக்கிறேன். படகில் என்னதான் நடந்தது ஐயா?

மின்யோனெட் சின்னக் கப்பல்தான். 1884 மே மாதம் இங்கிலாந்திலிருந்து சிட்னிக்குக் கிளம்பியது. கேப்டன் டட்லியோடு சேர்த்து நாலே பேர்; மற்றவர்கள் ஸ்டீபன்ஸ், புரூக்ஸ், பார்க்கர். ஜூலை 5, தென் அட்லாண்டிக்கில் ஒரு பேரலை. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. நாலு மீட்டர் தோணியில் ஏறியபோது கையில் இரண்டு டின் டர்னிப் கிழங்கு இருந்தது, குடிதண்ணீர் சொட்டுகூட இல்லை. நாலாம் நாள் ஓர் ஆமை சிக்கியது. அப்புறம் அதுவும் தீர்ந்தது. 17 வயதுப் பையன் பார்க்கர் கடல்நீரைக் குடித்துச் சுருண்டுவிட்டான். இருபது நாள் ஆன நிலையில் டட்லி பேனாக்கத்தியால் அவன் கழுத்தைக் குத்தினார். ஸ்டீபன்ஸ் உடன்பட்டார். புரூக்ஸ் உடன்படவில்லை, ஆனால் பங்கு சாப்பிட்டார். நாலு நாள் கழித்து ஒரு ஜெர்மன் கப்பல் காப்பாற்றியது.

யாருக்கும் தெரியாமல் மறைத்திருக்கலாமே?

மறைக்க வேண்டும் என்றே டட்லிக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தில் கரை இறங்கியதும் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாதபோது இது கடலில் உள்ள வழக்கம்தான் என்பது அன்றைய மாலுமிகள் எண்ணம். ஊரும் அவர் பக்கம். பார்க்கரின் அண்ணனே கோர்ட்டில் வந்து டட்லியோடு கைகுலுக்கினார்!

யாரைக் கொல்வது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்திருந்தால் தண்டனையிலிருந்து தப்பியிருப்பார்களா?

தீர்ப்பைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் உயிர் பெரிது என்று எதை வைத்து அளப்பது என்பதுதான் நீதிபதி கோல்ரிட்ஜின் கேள்வி. டட்லிக்கும் ஸ்டீபன்ஸுக்கும் மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அது ஆறு மாதச் சிறையானது. புரூக்ஸ் சாட்சியாகிவிட்டதால் அவருக்கு ஒன்றும் இல்லை.

சீட்டு என்பது நேர்மையாகத்தான் நடந்ததா?

சில இடங்களில் நடந்திருக்கிறது. 1820இல் திமிங்கிலம் முட்டி மூழ்கிய எஸ்ஸெக்ஸ் என்ற கப்பலின் மாலுமிகள், பக்கத்துத் தீவுகளில் நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்கள் என்று பயந்து அங்கே போகாமல் விட்டவர்கள். கடைசியில் அவர்கள் படகிலேயே சீட்டு எழுதினார்கள்; கேப்டனின் உறவுக்காரப் பையன் காஃபினுக்கு விழுந்தது. சுட வேண்டியவர் யார் என்பதற்கும் சீட்டு; அது அவன் நண்பனுக்கு. ஆனால் 1765இல் புறப்பட்ட பெக்கி கப்பலில் முதல் சீட்டு, கப்பலில் இருந்த கறுப்பின அடிமைக்கே 'விழுந்தது'. அதை நான் நம்பவில்லை. அந்தக் கப்பலின் கேப்டனும் நம்பவில்லை.

டட்லி பிறகு என்ன ஆனார்?

சிட்னிக்கே குடிபோனார். 1900இல் அங்கே பிளேக் வந்தபோது இறந்தார்.