முகாம் பொறுப்பாளருக்குச் சட்டம் தரும் துணை

கேள்வி: கடலூர் வட்டத்தில், தென்பெண்ணைக் கரையோரக் கிராமம் ஒன்றில் கிராம நிர்வாக அலுவலராகப் பணியாற்றுகிறேன். பருவமழைக் காலத்தில் பள்ளிக்கூட முகாமின் பொறுப்பு என்னுடையது. உணவுப் பொட்டலங்களைத் தம் தெருவுக்கே முதலில் தரவேண்டும் என்று உள்ளூர்ப் பிரமுகர்கள் வற்புறுத்தினால் என்ன செய்வது? வாய்மொழி உத்தரவை நம்பி ஜேசிபியை அமர்த்தினால், பிறகு தணிக்கையில் மாட்டிக்கொள்வேனா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில், வெள்ள நேரத்தில் நல்ல அலுவலர்களையும் தயங்க வைப்பது தணிக்கை பற்றிய அச்சம்தான். மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அவசரக் கொள்முதலுக்கு அதிகாரம் அளித்துவிட்டால், ஒப்பந்தப்புள்ளி கோரும் வழக்கமான நடைமுறை தளர்த்தப்பட்டதாகவே கருதப்படும் என்று 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு கூறுகிறது. பொருள் பயன்படுத்தப்பட்டதற்கு உரிய கட்டுப்பாட்டு அலுவலர் அளிக்கும் சான்றே கணக்குக்குரிய செலவுச்சீட்டாக ஏற்கப்படும். நல்லெண்ணத்துடன் ஆற்றிய பணிக்காக வழக்குத் தொடுக்க முடியாதபடி 73ஆம் பிரிவும் காக்கிறது. ஆனால், உத்தரவு இருந்தது என்று காட்ட இயன்றவருக்கே இவையெல்லாம் நடைமுறையில் கைகொடுக்கும்.

ஆகவே, வட்டாட்சியர் தொலைபேசியில் சொன்னால் இயந்திரத்தை அமர்த்திவிடுங்கள். கையோடு, அவர் சொன்ன நேரம், வண்டியின் பதிவெண், மணி வாடகை, எந்த வாய்க்காலின் அடைப்பை எடுக்க என்ற விவரங்களை அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் பதிவேட்டில் எழுதி, ஓட்டுநரிடம் கையொப்பம் பெறுங்கள். ஜெல் பேனா வேண்டாம். ஈரம் பட்டால் எழுத்து கரைந்துவிடும்.

இனி, பொட்டலங்கள். நிவாரணம் வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்பது அதே சட்டத்தின் 61ஆம் பிரிவு. எனவே இது உங்கள் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமன்று. பாகுபாடு பெரும்பாலும் வெளிப்படையாக நடப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்: சாப்பாட்டு வண்டி முதன்மைச் சாலையிலேயே நின்றுவிடும், கடைசியில் இருக்கும் காலனிக்கு அடிமட்டச் சோறுதான் போகும். கைக்குழந்தை உள்ள தாய்மார், முதியோர், நோயாளிகள், அதன்பின் மற்றவர்கள் என்ற வரிசையை முகாமின் சுவரிலேயே எழுதி ஒட்டிவிட்டு, விநியோகத்தை ஒருவேளை இந்த முனையிலும் மறுவேளை அந்த முனையிலும் தொடங்குங்கள். பிரமுகர் வந்தால் வாதாட வேண்டியதில்லை. "ஐயா, வரிசை சுவரில் இருக்கிறது, உங்கள் தெருவில் விடுபட்ட வீடு எது என்று சொல்லுங்கள், இப்போதே சேர்க்கிறேன்" என்றால் போதும். எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பதை அவர் உங்களைவிட நன்றாக அறிந்திருக்கவும் கூடும். குடும்ப அட்டை இல்லை என்று யாருக்கும் சாப்பாட்டை மறுக்காதீர்கள். அட்டை நிவாரணத் தொகைக்குத் தேவைப்படலாம், உப்புமாவுக்குத் தேவையில்லை.

உங்கள் ஊருக்கு மாநில எல்லை மிக அருகில் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்று ஓய்ந்த பின்னரே, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகிவந்து கடலூரின் கரையோரக் குடியிருப்புகளையும் புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியையும் ஒருசேரச் சூழ்ந்தது. எனவே காற்று நின்றதும் முகாமைக் கலைத்துவிடாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077இல் அழைத்து ஆற்றின் நிலையைக் கேட்டு முடிவெடுங்கள். பாகூர்ப் பக்கத்திலிருந்து யாரேனும் ஒதுங்க வந்தால், பெயரைத் தனிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு இடம் கொடுங்கள்.

வணிகர்கள் அரிசி கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு தந்து இருப்பில் சேர்க்கலாம். பணமாக எதையும் நீங்கள் கையில் வாங்கவோ வசூலிக்கவோ கூடாது. நிவாரணப் பொருளைக் கையாடுவது 53ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதால், ஒரு மூட்டைக் கணக்கு இடித்தாலும் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

நீங்கள் கேட்காத ஒன்று: மேலதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதியோ சட்டப்படியான வேறு காரணமோ இன்றிப் பணியிடத்தை விட்டு விலகினால், 56ஆம் பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கப்படலாம். அதனால், உங்கள் வீடும் தாழ்வான பகுதியில் இருந்தால், எச்சரிக்கை வந்த அன்றே குடும்பத்தாரை மேட்டுப்பகுதிக்கு அனுப்பிவிடுங்கள். அப்படியும் போகவேண்டி வந்தால், வருவாய் ஆய்வாளரிடம் அனுமதியும் மாற்று ஆளும் கேளுங்கள். அரிசி, பால் பவுடர், பாய் ஆகியவற்றின் இருப்பையும் ஒப்படைத்த நேரத்தையும் எழுதி, இருவரும் கையொப்பமிட்ட பிறகு கிளம்புங்கள்.