ஆசையை எல்லாம் விட்டால்தான் பௌத்தமா? வீட்டில் வாழ்பவன் ஒருவனின் பதில்

"ஆசையே துன்பத்திற்குக் காரணம் என்கிறது பௌத்தம், அப்படியானால் வேலை, பிள்ளைகள், வயதான பெற்றோர் என்று வாழும் ஒருவர் எல்லா ஆசைகளையும் விட்டுவிட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குத் தவறான விடையைப் பிடித்துக்கொண்டு, அதன்படியே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். அந்த இரண்டு ஆண்டுகள் எனக்குத் திரும்பக் கிடைக்கப் போவதில்லை என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். நான் துறவி அல்லன். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அறிஞனும் அல்லன். மொழிபெயர்ப்புகளின் வழியே படித்து, நாள்தோறும் சிறிது நேரம் பயிற்சி செய்கிறேன், அவ்வளவுதான். நான் சொல்வது பெரும்பாலும் தேரவாத மரபின் பாலி நூல்களை ஒட்டியது. மகாயான மரபினர் சிலவற்றை வேறு விதமாக விளக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாது. ஆனாலும் 'வயதான பெற்றோர்' என்ற சொற்களை யாரும் வெறுமனே சேர்ப்பதில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் நலிந்துகொண்டிருக்கிறார், அவரைப் பார்த்துக்கொள்வதில் நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். என் ஊகம் தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'ஆசை' என்ற அந்தச் சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். துன்பத்தின் காரணமாகப் புத்தர் குறிப்பிடுவது 'தண்ஹா'. தாகம் என்பதே அதன் நேர்ப்பொருள். தமிழில் ஆசை என்றால் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் ஆசையும் அதில் அடங்கும், நன்றாகக் கற்க வேண்டும் என்ற ஆசையும் அடங்கும். தண்ஹா அவ்வளவு அகலமான சொல் அன்று. நம் மொழியில் இதற்குத் துல்லியமான சொல் முன்பே இருந்தது. மணிமேகலையில் அறவண அடிகள் கற்பிக்கும், ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் 12 சார்புகளின் வரிசை பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று செல்கிறது. அந்த வரிசையில் ஆசை இல்லை, வேட்கை இருக்கிறது. அதுவும் தனித்து நிற்கவில்லை. நுகர்வுக்குப் பின்னும் பற்றுக்கு முன்னும் நிற்கிறது. புலன் ஒன்றைத் தொடுகிறது, அது ஊறு. தொட்டது இனிதாகவோ, இன்னாததாகவோ, இரண்டும் அல்லாததாகவோ படுகிறது, அது நுகர்வு. உடனே மனம் அதற்காகத் தவிக்கிறது, அது வேட்கை. தவித்ததை விடாமல் பிடித்துக்கொள்கிறது; அது பற்று. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடம் உண்டு. என் பதில் முழுவதும் அந்த இடத்தைப் பற்றியதுதான்.

சாரநாத்தின் மான் பூங்காவில் ஐந்து துறவிகளுக்குச் சொன்ன முதல் உரையில் புத்தர் வேட்கையை மூன்றாகப் பிரிக்கிறார்: புலனின்பத்துக்கான வேட்கை, இன்னின்னவாக ஆகவும் நிலைத்திருக்கவும் விரும்பும் வேட்கை, இல்லாமற்போக விரும்பும் வேட்கை. 'ஆசையை விடு' என்று உபதேசம் செய்பவர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதைப் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. 'இந்த வலி எனக்கு வரவே கூடாது, இந்த உணர்ச்சியே என்னிடம் இருக்கக் கூடாது' என்ற தவிப்பும் அதில் சேரும் என்று ஆசிரியர்கள் பலர் விளக்குவார்கள். நான் விழுந்த குழி இதுதான். அதே உரையில் நான்கு உண்மைகளுக்கும் நான்கு வேலைகள் தரப்பட்டிருக்கின்றன: துன்பத்தை முழுதாக அறிய வேண்டும், அதன் காரணத்தைக் கைவிட வேண்டும், அதன் நீக்கத்தை நேரில் உணர வேண்டும், அதற்கான எட்டு உறுப்புகள் கொண்ட வழியை வளர்க்க வேண்டும். முதல் வேலை அறிவது. அறியாமலே கைவிட முனைபவர் எதைக் கைவிடுகிறோம் என்பதையே தெரிந்துகொள்வதில்லை.

எல்லா விருப்பமும் வேட்கை அன்று என்பதற்கு நூல்களிலேயே சான்று இருக்கிறது. கோசாம்பியில் உண்ணாபர் என்ற அந்தணர் புத்தரின் அணுக்கச் சீடரான ஆனந்தரிடம், விருப்பத்தைக் கைவிடுவதற்கான வழியில் விருப்பமே ஓர் உறுப்பாக இருந்தால் அந்த வழிக்கு முடிவே இராதே என்று கேட்கிறார். ஆனந்தர் திருப்பிக் கேட்கிறார்: "இந்தப் பூங்காவுக்கு வர வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு முன்பு இருந்ததல்லவா? வந்து சேர்ந்ததும் அது தணிந்துவிட்டதல்லவா?" நற்செயலுக்கான இந்த விருப்பத்தைப் பாலியில் 'சந்த' என்பார்கள். எட்டு உறுப்புகளில் ஒன்றான நன்முயற்சியை விளக்கும்போது, நல்லன தோன்றுவதற்காக இந்த விருப்பத்தைத் தோற்றுவித்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்லப்படுகிறது. பிள்ளை நன்றாக வளர வேண்டும் என்று நீங்கள் விரும்புவதில் குற்றம் எதுவும் இல்லை.

இனி என் கதை. என் அம்மாவுக்கு நினைவு தேயத் தொடங்கியபோது அதைத் தாங்க முடியாமல்தான் நான் பௌத்தத்தின் பக்கம் வந்தேன். அப்போது எனக்குக் கிடைத்தவை படங்களில் ஒட்டப்பட்ட ஒற்றை வரிகளும், கட்டணம் பெற்றுத் தியானம் கற்பித்த ஒருவரின் வகுப்பும்தான். அம்மாவை நினைத்து அழுகை வருகிறது என்று நான் சொன்னபோது, "அழுகை வருகிறது என்றால் பற்று இன்னும் அறவில்லை என்று பொருள், அம்மா என்பதும் ஒரு கருத்துதான்" என்றார் அவர். அந்தச் சொற்களை மருந்தாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். அன்று முதல் அம்மாவுக்கு உணவு ஊட்டினேன், உடை மாற்றினேன், வேளை தவறாமல் மருந்து கொடுத்தேன். ஆனால் எதுவும் உள்ளே வராதபடி கதவைச் சாத்திக்கொண்டேன். அதைச் சமநிலை என்று நம்பினேன், பெருமையும் கொண்டேன். ஒரு நாள் என் தங்கை சொன்னாள்: "அண்ணா, நீங்க அம்மா பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கீங்க. ஆனா அவங்களோட இல்லை."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அதன் பிறகுதான் ஒற்றை வரிகளை விட்டுவிட்டு நூல்களுக்கே போனேன். 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற தேரவாத விளக்க நூலில், அன்பு, இரக்கம், பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநிலை என்னும் நான்கு உள்ளநிலைகளுக்கும் இரண்டிரண்டு பகைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று தொலைவில் நிற்கும் பகை. அதை எளிதில் அடையாளம் கண்டுவிடலாம். மற்றொன்று அண்மையில் நிற்கும் பகை. அது பார்ப்பதற்கு அந்த நற்குணத்தைப் போலவே இருக்கும். அன்புக்கு அண்மைப் பகை பற்று. சமநிலைக்கு அண்மைப் பகை அறியாமையிலிருந்து வரும் பாராமுகம். இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக நான் வளர்த்தது சமநிலையை அன்று, அதன் பகையை.

துறவிகளின் ஒழுங்குவிதிகளைக் கூறும் வினய நூலில் வரும் ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு கண்ட துறவி ஒருவர் தம் கழிவிலேயே கிடக்கிறார். அவரால் தமக்குப் பயனில்லை என்று மற்றத் துறவிகள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். புத்தர் நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிடுகிறார். இருவரும் தலைப்பக்கமும் கால்பக்கமும் பிடித்துத் தூக்கி அவரைக் கட்டிலில் கிடத்துகிறார்கள். உங்களைக் கவனிக்க இங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை, நீங்கள் ஒருவரையொருவர் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார் என்று கேட்டுவிட்டு, எனக்குப் பணிவிடை செய்ய விரும்புபவர் நோயுற்றவருக்குச் செய்யட்டும் என்கிறார் புத்தர். வீடு வாசலைத் துறந்தவர்களுக்கே இதுதான் அறிவுரை என்றால், வீட்டில் இருக்கும் நமக்கு வேறொன்று எப்படி இருக்க முடியும்?

ஆனந்தர் பற்றியும் ஒரு சொல். குசிநாராவில் புத்தர் இறக்கும் தறுவாயில் ஆனந்தர் தனியே போய்க் கதவருகில் சாய்ந்து நின்று அழுகிறார். புத்தர் அவரை அழைத்து வரச் சொல்கிறார். வருந்த வேண்டாம், அன்புக்குரிய எல்லாவற்றிலிருந்தும் பிரிவு உண்டு என்று முன்பே சொல்லியிருக்கிறேன் அல்லவா என்கிறார். அத்தோடு நில்லாமல், நீண்ட காலம் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் அன்போடு பணிவிடை செய்தாய் என்று பாராட்டுகிறார். ஆனந்தர் அப்போது வேட்கை முற்றும் அற்ற அரகந்த நிலையை அடையாதவர், அடைந்தவர்கள் அழவில்லை என்று சிலர் சுட்டிக்காட்டக்கூடும். உண்மைதான், நூலில் அப்படியே இருக்கிறது. ஆனால் நானும் நீங்களும் அரகந்தர்கள் அல்லர். அடையாத நிலையை அடைந்துவிட்டதாக நடித்தால் என்ன ஆகும் என்பதை நான் என் வீட்டில் பார்த்தேன்.

பிறகு முறையாகத் தியானத்தில் உட்காரக் கற்றுக்கொண்டேன். பத்து நாள் மௌன முகாம் ஒன்றுக்கும் போனேன். அங்கு யாரும் தத்துவம் பேசவில்லை, மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். நான்காம் நாள் இடது முழங்காலில் வலி எழுந்தது. எரிச்சலும் துடிப்புமாக ஒரு காசு அகல வட்டத்தில் தொடங்கிய வலி, சிறிது நேரத்தில் தொடை முழுவதும் பரவியதாகத் தோன்றியது. கூர்ந்து கவனித்தபோது, வலி அந்த வட்டத்தைத் தாண்டவே இல்லை. தொடையில் இருந்தது வலி அன்று, இறுக்கம். வலி போக வேண்டும் என்று நானே இறுக்கிக்கொண்டிருந்த தசைகள். அம்பு தைத்தவனை இரண்டாவது அம்பும் தைப்பதைப் பற்றிப் புத்தர் சொன்ன உவமையை அதற்கு முன் பத்து முறையாவது படித்திருப்பேன். முதல் அம்பு உடலின் வலி, இரண்டாவது அதைக் கண்டு மனம் புலம்புவது. அன்றுதான் இரண்டையும் தனித்தனியாகக் கண்டேன். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் உள்ள இடம் என்று மேலே எழுதினேனே, அதை நான் முதன்முதலாகக் கண்டது என் முழங்காலில்தான். வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தே தீர வேண்டும் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். காயம் உள்ளவர் நாற்காலியில் அமர்ந்தும் இதைக் காணலாம்.

என் அம்மா மாலை மயங்கும் நேரத்தில், வீட்டில் உட்கார்ந்துகொண்டே, "எப்ப வீட்டுக்குப் போறோம்?" என்று கேட்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, சில நாள்களில் உறங்கும்வரை. முன்பெல்லாம், 'இதுதான்மா வீடு' என்று பொறுமையாகச் சொல்லத் தொடங்கி, ஏழெட்டு முறைக்குள் கத்திவிடுவேன். கதவைச் சாத்திய பிறகு கத்துவதில்லை, பதிலும் சொல்வதில்லை. முகாமிலிருந்து திரும்பிய சில நாள்களில், அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே ஏதோ சுருங்குவதைக் கவனித்தேன். கேள்வி ஊறு. சுருக்கம் நுகர்வு. 'இவர் இதைக் கேட்பதை நிறுத்த வேண்டும்' என்பது வேட்கை. இல்லாமற்போக விரும்பும் அந்த மூன்றாவது வகை. சுருங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மூச்சுகளில் அது தளர்ந்தது. தளர்ந்த பிறகுதான், அந்தக் கேள்வியை நான் இதுவரை ஒரு முறைகூடக் காதுகொடுத்துக் கேட்டதில்லை என்பது புரிந்தது. "வீட்டுல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டேன். "அம்மா இருக்கா, வாசல்ல நிப்பா" என்றார். அவர் கேட்டது தம் சிறுவயது வீட்டை. அன்று அவருடைய தாயைப் பற்றி நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

'அம்மா என்பதும் ஒரு கருத்துதான்' என்று சொன்னவர்மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அனத்தா என்ற போதனையை அவர் அப்படிச் சுருக்கிவிட்டார். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, மன உருவாக்கங்கள், அறிவு என்று ஒருவரை ஆக்கும் ஐந்து கந்தங்களில் (தொகுதிகளில்) எதையும் 'இது நான், இது என்னுடையது' என்று கொள்ள முடியாது என்பது அந்தப் போதனை. நினைவு தேய்ந்த ஒருவரின் அருகில் இருப்பவருக்கு அது ஏட்டில் உள்ள செய்தி அன்று. அடையாளம் காணும் குறிப்பு என் அம்மாவிடமிருந்து உதிர்ந்துபோயிற்று; நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் நுகர்ச்சி இருந்தது. கையைப் பற்றினால் விரல்கள் தளர்ந்தன; குரலை உயர்த்தினால் தோள்கள் குறுகின. 'என் அம்மா என்னை அறிய வேண்டும்' என்ற பிடியை விட்ட பிறகுதான், எதிரில் இருந்தவருக்கு என்ன தேவை என்பது எனக்குத் தெரிந்தது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். கொல்லாமை, திருடாமை, தகாத காமம் நீக்கல், பொய் நீக்கல், மயக்கும் பொருள் நீக்கல் என்ற ஐந்து ஒழுக்கங்கள் இல்லறத்தாருக்கானவை; அவற்றோடு தொடங்குவது நல்லது, தியானத்தோடு அன்று. குற்ற உணர்வால் கலங்கிய மனம் மூச்சில் நிற்காது. நான்காவது ஒழுக்கம் எனக்கு நேரடியாகவே உதவியது: 'இதோ போகலாம்' என்று அம்மாவிடம் பொய் சொல்லிச் சமாளிக்கக் கூடாது என்ற கட்டாயம்தான் 'வீட்டுல யாரும்மா இருக்காங்க?' என்று என்னைக் கேட்க வைத்தது. நோயாளியை அமைதிப்படுத்த அப்படிச் சொல்பவர்களை நான் குறை கூறவில்லை. ஒவ்வொரு வீட்டின் பாடும் வேறு. ஒழுக்கத்தோடு, காலையில் பத்து நிமிடம் மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். மனம் ஓடினால் ஓடியதை அறிந்து மூச்சுக்குத் திரும்புங்கள். மிகைப்படுத்த வேண்டாம், பாதம் புண்ணாகும்வரை நடைப் பயிற்சி செய்த சோணர் என்ற துறவிக்கு, யாழின் நரம்பை மிகவும் முறுக்கினாலும் இசை வராது, தளர்த்தினாலும் வராது என்றுதான் புத்தர் சொன்னார்.

அம்மா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கடைசி நாளில் நான் அழுதேன், தங்கையும் அழுதாள். சாத்தியிருந்த கதவு அப்போது திறந்துதான் இருந்தது.