டொமைனை 'போர்ட்' பண்ண வேண்டாம், 'ஃபார்வேர்ட்' பண்ணினால் போதும்

கேள்வி: மயிலாப்பூரில் வருடம் முழுக்கப் பூஜைப் பொருட்களும் நவராத்திரிக்குக் கொலு பொம்மைகளும் விற்கிறோம். நாலு வருடமாக வேர்ட்பிரஸ், வூகாமர்ஸில் ஓடும் எங்கள் இணையக் கடையை ஷாப்பிஃபைக்கு மாற்றப் போகிறோம். புதுக் கடை தயார். எங்கள் டாட் காம் டொமைன், பழைய தளத்தைச் செய்துகொடுத்த தம்பியின் கணக்கில் இருக்கிறது. "டொமைனை டிரான்ஸ்ஃபர் செய்ய ஆத் கோடு வேண்டும், ஒரு வாரம் ஆகும், அதுவரை கடை நிற்கும், மெயிலும் போய்விடலாம்" என்கிறார். உண்மைதானா? ஆடி முடிவதற்குள் மாற்றிவிட நினைக்கிறோம்.
- ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: ஆத் கோடு (டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்ற அனுமதிக்கும் ரகசியக் குறியீடு), ஒரு வாரம் என்று அவர் சொல்வது டிரான்ஸ்ஃபருக்குப் பொருந்தும். ஆனால் உங்களுக்கு இப்போது டிரான்ஸ்ஃபரே தேவையில்லை.

செல்ஃபோன் நம்பரை வைத்துப் பாருங்கள். ஒரு கம்பெனியில் இருந்து இன்னொன்றுக்கு நம்பரை போர்ட் செய்ய வேண்டுமென்றால் 1900-க்கு மெசேஜ் அனுப்பி, ஒரு கோடு வாங்கி, சில நாள் காத்திருக்கிறோம். கடைக்கு வரும் அழைப்பு வீட்டில் அடித்தால் போதும் என்றால் கால் ஃபார்வேர்டு போடுகிறோம், ஒரே நிமிடம். டொமைன் டிரான்ஸ்ஃபர் என்பது அந்த போர்ட் மாதிரி. பதிவு செய்து வைத்திருக்கும் நிறுவனம் மாறும். புதுக் கடைக்குத் திருப்பிவிடுவது ஃபார்வேர்டு மாதிரி. பதிவு இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய கடையும் கடைசி நிமிடம்வரை திறந்தே இருக்கலாம்.

தம்பியிடம் கேட்க வேண்டியது டிஎன்எஸ் பக்கம் மட்டும். உங்கள் டொமைனுக்கு வருகிறவர்களையும் மெயிலையும் எந்த சர்வருக்கு அனுப்புவது என்று எழுதிவைத்திருக்கும் பட்டியல் அது. டொமைன் வாங்கிய கணக்கிலோ ஹோஸ்டிங்கின் சிபேனல் என்ற நிர்வாகப் பக்கத்திலோ அது இருக்கும். எதையும் தொடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டவர்கள்தான் பிறகு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பட்டியலில் மாற்ற வேண்டியவை இரண்டே வரிகள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் @ என்று மட்டும் போட்டிருக்கும் 'ஏ' ரெக்கார்டில் உங்கள் பழைய ஹோஸ்டிங்கின் ஐபி எண், அதாவது அந்த சர்வரின் முகவரி எண், இருக்கும். அங்கே ஷாப்பிஃபையின் 23.227.38.65 வர வேண்டும். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ என்ற பெயருக்குரிய சி-நேம் ரெக்கார்டு (எண்ணுக்குப் பதில் இன்னொரு பெயரைக் காட்டும் வரி), ஷாப்ஸ் டாட் மைஷாப்பிஃபை டாட் காம் என்று மாற வேண்டும். நான் எழுதியதைப் பார்த்து டைப் அடிக்காமல், ஷாப்பிஃபை செட்டிங்ஸில் டொமைன்ஸ் பக்கம் காட்டுவதை அப்படியே காப்பி செய்யுங்கள். @ பெயரில் இரண்டு 'ஏ' ரெக்கார்டு இருந்தால் பழையதை அழித்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் வருகிறவர்களில் சிலர் பழைய கடைக்கும் சிலர் புதுக் கடைக்கும் போவார்கள்.

இதே கூத்து இன்னொரு விதத்திலும் நடக்கும். சில ஹோஸ்டிங்கில் 'ஏ' என்ற எழுத்து நாலு முறை வரும் ரெக்கார்டு ஒன்றும் இருக்கும். அது ஐபிவி6 முகவரிக்கானது. அதை யாரும் கவனிப்பதில்லை. பழைய சர்வரையே காட்டிக்கொண்டு அது கிடந்தால் வீட்டு பிராட்பேண்டில் புதுக் கடை தெரியும், ஜியோ சிம்மில் பார்த்தால் பழைய கடை தெரியும், ஏனென்றால் ஜியோ பெரும்பாலும் ஐபிவி6-இல் ஓடுகிறது. "எனக்குச் சரியாத்தானே தெரியுது" என்று நீங்களும், "பழைய விலையே காட்டுதே" என்று வாடிக்கையாளரும் ஃபோனில் வாதாடிக்கொண்டிருப்பீர்கள். அதையும் அழித்துவிடுங்கள்.

இனி மெயில். தம்பியின் பயத்தில் நியாயம் இருப்பது இங்கேதான். ஷாப்பிஃபை உங்களுக்கு மெயில்பெட்டி தராது. உங்கள் டொமைன் பெயரில் வரும் மெயில் இப்போது எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். டிஎன்எஸ் பக்கத்தில் எம்எக்ஸ் என்ற ரெக்கார்டு அதைச் சொல்லும். கூகுள் என்றோ ஸோஹோ என்றோ அதில் இருந்தால் கவலையே இல்லை, அந்த வரியைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

சிக்கல், மெயிலும் அதே பழைய ஹோஸ்டிங்கில் இருந்தால். சிபேனல் ஹோஸ்டிங்கில் எம்எக்ஸ் வரியைத் திறந்து பார்த்தால் பல நேரம் உங்கள் டொமைன் பெயரே எழுதியிருக்கும். அதாவது, "இந்த டொமைனுக்கு வரும் மெயிலை இந்த டொமைன் இருக்கும் சர்வரிலேயே கொடு" என்று அர்த்தம். இத்தனை நாள் அது சரி. நீங்கள் 'ஏ' ரெக்கார்டை ஷாப்பிஃபைக்குத் திருப்பிய நொடியில் மெயிலும் ஷாப்பிஃபை வாசலில் போய் நிற்கும். அங்கே வாங்குவதற்கு ஆள் கிடையாது. எம்எக்ஸ் வரியை நீங்கள் தொடவே இல்லை, இருந்தும் மெயில் நின்றுவிடும். நிறையப் பேர் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சரிசெய்வது சுலபம், ஆனால் முன்னாலேயே செய்ய வேண்டும். மெயில் என்ற பெயரில் தனியாக ஒரு 'ஏ' ரெக்கார்டு போட்டு அதில் பழைய சர்வரின் ஐபி எண்ணைக் கொடுங்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு சி-நேம் இருந்து, அது உங்கள் டொமைனையே காட்டினால், அதை எடுத்துவிட்டு 'ஏ' ரெக்கார்டு போட வேண்டும். பிறகு எம்எக்ஸ் வரியில் மெயில் டாட் உங்கள் டொமைன் என்று மாற்றுங்கள். ஒரு நாள் விட்டு, ஜிமெயிலில் இருந்து உங்கள் கடை முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். வந்தால்தான் அடுத்த வேலை. மெயில் அங்கேயே இருக்கும்வரை பழைய ஹோஸ்டிங்கையும் நிறுத்த முடியாது, நினைவிருக்கட்டும்.

எது செய்தாலும் நேம்சர்வரை, அதாவது இந்த டிஎன்எஸ் பட்டியலை வைத்திருக்கும் சர்வரை, மாற்றாதீர்கள். யூடியூபில் பாதிப் பேர் அதைத்தான் மாற்றச் சொல்கிறார்கள். நேம்சர்வர் மாறினால் பழைய டிஎன்எஸ் பட்டியல் முழுவதும் செல்லாக்காசு ஆகிவிடும். மெயில், கூகுள் சரிபார்ப்பு, ஃபேஸ்புக் சரிபார்ப்பு எல்லாவற்றையும் புது இடத்தில் மறுபடி எழுத வேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் தி.நகரில் ஒரு துணிக்கடைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே இதைச் செய்தேன். தளம் அழகாகத் திறந்தது, காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை மதியம் முதலாளி ஃபோன் செய்து, "ரெண்டு நாளா ஒரு மெயில்கூட வரலையே, லீவுன்னு நினைச்சோம்" என்றார். எம்எக்ஸ் வரியை நான் புது இடத்தில் எழுதவே இல்லை. அதற்குப் பிறகுதான் ஸ்கிரீன்ஷாட் பழக்கம் வந்தது.

அப்புறம், நாள். ஆடியில் புது வீடு குடிபோக மாட்டார்கள். டொமைனுக்கு ஆடிதான் நல்ல மாசம், புரட்டாசிக் கூட்டம் வருவதற்குள் கோளாறுகளைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். ஆனால் ஆடிச் செவ்வாய், வெள்ளி உங்கள் கடையில் கூட்டமாக இருக்கும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள், புதன் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்ப்லைனில் ஆளும் இருப்பார்கள், கையில் இன்னும் இரண்டு வேலைநாளும் இருக்கும்.

மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே, திங்கட்கிழமை, அந்த இரண்டு வரிகளிலும் டிடிஎல் என்ற எண்ணை 300 ஆக்கிவிடுங்கள். பழைய முகவரியை எத்தனை விநாடி ஞாபகத்தில் வைத்திருக்கலாம் என்று அது மற்ற சர்வர்களுக்குச் சொல்லும். சிபேனலில் வழக்கமாக 14400 இருக்கும், அதாவது நாலு மணி நேரம். 86400 என்றால் ஒரு முழு நாள். 300 என்றால் ஐந்தே நிமிடம். தவறு நடந்தாலும் ஐந்து நிமிடத்தில் பழையபடி திருப்பிக்கொள்ளலாம்.

புதன் காலை முதல் வேலையாகப் பழைய கடையில் ஆர்டர் வாங்குவதை நிறுத்துங்கள். உங்களிடம் தசாவதார செட் மூன்றுதான் இருக்கிறது என்றால், பழைய கடையில் ஒருவரும் புதுக் கடையில் மூவரும் வாங்கிவிட்டால் நாலாவது செட்டுக்கு எங்கே போவீர்கள்? பொம்மை சட்டை மாதிரி இல்லை, கேட்டவுடன் இன்னொன்று வந்துவிடாது. பிறகு அந்த இரண்டு வரிகளை மாற்றுங்கள். ஷாப்பிஃபையின் டொமைன்ஸ் பக்கத்தில் உங்கள் டொமைனை இணைத்து, அதையே பிரைமரி ஆக்குங்கள். பூட்டுக் குறிக்கான எஸ்எஸ்எல் சான்றிதழை ஷாப்பிஃபையே வாங்கிக்கொள்ளும். பெரும்பாலும் சீக்கிரம் வரும், 48 மணி நேரம்வரை ஆகலாம். அதற்குள் "பாதுகாப்பற்ற தளம்" என்று காட்டினால் பதற வேண்டாம். இரண்டு நாள் தாண்டியும் வரவில்லையென்றால் டிஎன்எஸ் பட்டியலில் சிஏஏ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். யார் சான்றிதழ் தரலாம் என்று கட்டுப்படுத்தும் வரி அது. டிஎன்எஸ்ஸை கிளவுட்ஃப்ளேர் என்ற இடைச் சேவையில் வைத்திருப்பவர்கள், அங்கே அந்த வரிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரஞ்சு மேகக் குறியைத் தட்டிச் சாம்பல் நிறமாக்கிவிட வேண்டும். இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள்: புதுக் கடையின் பாஸ்வேர்டு பக்கத்தை (திறப்பு நாள்வரை வெளியாட்களை வாசலில் நிறுத்தும் பக்கம்) எடுக்க மறந்துவிட்டு, டொமைன்தான் வேலை செய்யவில்லை என்று நினைத்தவர்கள் உண்டு.

நாலு வருடம் ஓடிய கடை என்பதால் பழைய லிங்குகளைக் கவனியுங்கள். வூகாமர்ஸில் பொம்மைப் பக்கத்தின் முகவரியில் வழக்கமாக ப்ராடக்ட் என்று ஒருமையில் இருக்கும். ஷாப்பிஃபையில் ப்ராடக்ட்ஸ். கடைசியில் ஓர் 'ஸ்' கூடியதற்காக, கூகுளில் தேடி வருகிறவர், போன வருட வாட்ஸ்அப் மெசேஜைத் தட்டி வருகிறவர், உங்கள் டப்பா மேல் ஒட்டிய க்யூஆரை ஸ்கேன் செய்கிறவர் எல்லோரும் "பக்கம் இல்லை" என்ற பலகையைப் பார்ப்பார்கள். ஷாப்பிஃபையில் யூஆர்எல் ரீடைரக்ட் என்ற வசதி இருக்கிறது. எக்செல் மாதிரி இரண்டு பத்தி, இடது பக்கம் பழைய முகவரி, வலது பக்கம் புது முகவரி, சிஎஸ்வி கோப்பாக ஒரே தடவையில் ஏற்றிவிடலாம். எல்லாவற்றையும் எழுத நேரம் இல்லையென்றால் அதிகம் விற்கும் ஐம்பது பொம்மைகளுக்காவது எழுதுங்கள். இதைக் குறைந்தது ஒரு வருடமாவது எடுக்காமல் வைத்திருங்கள், அடுத்த நவராத்திரிக்கும் பழைய லிங்கில்தான் சிலர் வருவார்கள். கூகுள் சர்ச் கன்சோலில் 'முகவரி மாற்றம்' கொடுக்க வேண்டாம், அது டொமைன் பெயரே மாறுகிறவர்களுக்கு. புது சைட்மேப்பைக் கொடுத்தால் போதும்.

கடையில் இருந்து போகும் ஆர்டர் மெயில்கள் ஸ்பேமில் விழாமல் இருக்க, ஷாப்பிஃபை தரும் சில சி-நேம் வரிகளையும் டிஎன்எஸ்ஸில் சேர்த்துவிடுங்கள். 2024 பிப்ரவரியில் இருந்து கூகுளும் யாஹூவும் இந்த விஷயத்தில் கறாராக இருக்கின்றன. உங்கள் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் என்ற டெக்ஸ்ட் ரெக்கார்டு ஏற்கெனவே இருந்தால் இரண்டாவதாக ஒன்று போடாதீர்கள், ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் செல்லும்.

இனி உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காமல் விட்டது: டொமைன் தம்பியின் கணக்கில் இருப்பது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். புதுப்பிப்புக் கட்டணம் அவர் கார்டில் இருந்து போகிறது, ஓடிபி அவர் ஃபோனுக்கு வருகிறது. அந்தக் கார்டு காலாவதியாகி, அவரும் துபாய் போய்விட்டார் என்றால்? டாட் காம் காலாவதியானால் சில நாள் சலுகை கிடைக்கும், பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் கொள்ளையாக இருக்கும், அதையும் விட்டால் 5 நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். லுக்கப் டாட் ஐகேன் டாட் ஓஆர்ஜி என்ற தளத்தில் உங்கள் டொமைனைப் போட்டால், எந்த நிறுவனத்தில் இருக்கிறது, என்றைக்கு முடிகிறது என்று இப்போதே தெரிந்துவிடும். வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம் அல்லவா, அது மாதிரி. முடியும் தேதி நவராத்திரிக்கு அருகில் வந்தால் இன்றைக்கே புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

இதற்கும் டிரான்ஸ்ஃபர்வரை போக வேண்டியதில்லை. டொமைன் இருக்கும் அதே நிறுவனத்தில் உங்கள் பெயரில், உங்கள் ஃபோன் நம்பரில் ஒரு கணக்குத் திறங்கள். டொமைனைத் தன் கணக்கில் இருந்து உங்கள் கணக்குக்குத் தள்ளிவிடும்படி தம்பியிடம் சொல்லுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் இதற்கு ஆத் கோடு தேவைப்படாது. கணக்கு மாறும்போது டிஎன்எஸ் பட்டியல் அப்படியே வருமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் இதைப் புதுக் கடை நிலையான பிறகு, தீபாவளி முடிந்து செய்யச் சொல்கிறேன். டொமைனை ஷாப்பிஃபைக்குள்ளேயே கொண்டுபோய் வைப்பதை நான் விரும்புவதில்லை. நாளைக்கு அங்கிருந்தும் கிளம்ப வேண்டி வரலாம்.

நிறுவனத்தையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அப்போதுதான் அந்த ஆத் கோடு. கேட்ட 5 நாளுக்குள் அதைத் தர வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பான ஐகேனின் விதி. லாக்கைத் திறந்து, கோடைப் புது நிறுவனத்தில் கொடுத்தால், அதிகபட்சம் 5 நாளில் மாறிவிடும். டாட் காமுக்கு அந்தக் கட்டணத்திலேயே ஒரு வருடம் கூடவே சேரும், மீதி இருக்கும் நாட்களும் போகாது. உரிமையாளர் பெயரை மாற்றினால் பொதுவாக 60 நாள் பூட்டு விழும், அதற்குள் டிரான்ஸ்ஃபர் முடியாது. எனவே அன்றைக்குத் தம்பி, "முதல்ல பேரை மாத்திடலாம் மேடம், அப்புறம் டிரான்ஸ்ஃபர்" என்று சொன்னால், பெயரை மாற்றுவதற்கு முன்பே அந்தப் பூட்டு வேண்டாம் என்று குறிக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் அந்த நேரத்தில் மட்டும் அதற்கு இடம் கொடுக்கின்றன.