என் பிடிஎஃப்பை சேக்காளி விற்கிறான், கேஸ் போடலாமா?

கேள்வி: தக்கலையில் நாங்கள் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுவோம்; பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் விளையாட்டு. கள்ளியங்காட்டு நீலியையும் உதயகிரிக் கோட்டையையும் வைத்து 60 பக்கத்தில் ஒரு சாகசக் கதை எழுதினேன். முதலில் நாலு பேரிடம் மட்டும் ஜீபேயில் ஆளுக்கு 100 ரூபாய் வாங்கினேன், அப்புறம் குழுவில் இலவசமாகவே போட்டுவிட்டேன். இப்போது என் சேக்காளி ஒருவன் என் பெயரை எடுத்துவிட்டு அதை அச்சடித்து 350 ரூபாய்க்கு விற்கிறான். எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். போலீசில் புகார் கொடுத்தால் ஜெயிப்பேனா?

பதில்: தம்பி, சாப்பாட்டுக் கணக்கு நீதிமன்றத்தில் எடுபடாது. நீங்கள் அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தேன். கேள்வி ஒன்றுதான்: அதில் உங்களுடையது எவ்வளவு?

நீலி கதை ஊர்ச் சொத்து. அதை நீங்கள் எழுதிய வாசகம் உங்களுடையது. பகடை உருட்டும் விதி யாருக்கும் சொந்தமில்லை. சரி. ஆனால் அட்டையில் அந்த விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனியின் லோகோ இருக்கிறது, உள்ளே பதினோரு பக்கத்தில் அவர்கள் புத்தகத்து ஓவியங்கள். கோட்டை வரைபடம் உங்கள் சித்தி மகள் வரைந்தது என்கிறீர்கள். கையெழுத்திட்டு எழுதித் தந்தாளா? இல்லையென்றால் அது அவளுடையது.

பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. அது ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதைப் படித்துத்தான் துள்ளுகிறீர்கள். அந்தப் பிரிவு உங்கள் பக்கமும் திரும்பும். ரசிகர்கள் செய்வதை அந்தக் கம்பெனி அனுமதிப்பது இலவசமாகக் கொடுத்தால்தான். நீங்கள் வாங்கிய 400 ரூபாய் ஜீபேயில் அப்படியே பதிவாகி இருக்கிறது. சேக்காளியின் வக்கீல் முதலில் எடுப்பது அதைத்தான்.

நாகர்கோவிலில் ஒரு டியூஷன் வாத்தியார் வந்தார். தன் கைடை ஒருவன் நகலெடுத்துவிட்டான் என்று, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் புகார் கொடுத்தார். எதிராளி, வாத்தியாரே வேறொரு பதிப்பகத்தில் இருந்து எடுத்த பக்கங்களை மேசையில் வைத்தான். எஸ்.ஐ. இரண்டு கட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். பதிப்பகத்தின் நோட்டீஸ் அடுத்த மாதமே வந்தது.

வக்கீல் நோட்டீஸ் விட்டு மிரட்டிப் பார்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ஆதாரமில்லாமல் மிரட்டிவிட்டு வழக்கும் போடாமல் இருந்தால், 60ஆம் பிரிவில் அவன் உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

பேசி முடியுங்கள். பெயரை எடுத்தது, எழுதியவரின் பெயர் உரிமையைக் காக்கும் 57ஆம் பிரிவில் அவனுக்குப் பலவீனம், அதை மட்டும் சொல்லுங்கள். மிச்சப் பிரதிகளைத் தரட்டும், விற்பதை நிறுத்தட்டும், இருவரும் கையெழுத்துப் போடுங்கள். விற்ற காசை விட்டுவிடுங்கள்.

பிறகு ஓவியங்களையும் லோகோவையும் எடுங்கள். தங்கச்சியிடம் எழுதி வாங்குங்கள். விதிகளின் வாசகத்துக்கு, 2023 ஜனவரியில் அந்தக் கம்பெனி கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்ட எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பை மட்டும் எடுத்து, அவர்கள் கேட்கும் அறிவிப்பு வரியைப் போடுங்கள். அப்போது நீங்களே விற்கலாம். அந்தப் பிரதியை அவன் தொட்டால் வாருங்கள். சென்னைக்கு ஓட வேண்டாம், நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம்.